பங்குத்தொகையை எதில் அளப்பது?

1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகராட்சி தன் வரவுசெலவுக் கணக்கில் 1,50,000 டாலரைத் தனியாக எடுத்து வைத்தது. ஐந்து லட்சம் மக்கள் வாழும் ஊருக்கு அது ஒரு தொகையே இல்லை. பங்கு போட்டிருந்தால் தலைக்கு முப்பது சென்ட் தேறியிருக்கும். நகராட்சி பங்கு போடவில்லை. எந்தப் பேட்டை மக்களாவது தங்கள் பகுதிக்கு இன்னது வேண்டும் என்று திட்டத்தோடு வந்தால், அவர்கள் எவ்வளவு கொண்டுவருகிறார்களோ அவ்வளவை நகராட்சியும் போடும் என்றது. காலி மனையில் பூங்கா, பள்ளிக்கூடத்தை ஒட்டிய விளையாட்டுத் திடல், பாலத்துச் சுவரில் ஓவியம், பேட்டையின் வரலாற்றைத் தொகுப்பது என எதுவானாலும் கேட்கலாம். இதுதான் அந்நகரத்தின் பேட்டை இணைநிதித் திட்டம். 1988இல் உருவாகி, இன்றும் நடக்கிறது.

‘நீ பாதி, நான் பாதி’ என்ற ஏற்பாடு அரசுகளுக்குப் புதிதல்ல. மேலிருந்து கீழே பணம் தரும் எந்த அரசும் கீழிருப்பவரிடம் ஒரு பங்கைக் கேட்கத்தான் செய்யும். சியாட்டிலின் விதிப்புத்தகத்தில் கவனிக்க வேண்டியது வேறொரு வரி. மக்கள் தரும் பங்கு பணமாக இருக்கலாம். செங்கல், மரம், பெயின்ட் போன்ற பொருளாக இருக்கலாம். வரைபடம் போட்டுத் தரும் கட்டடக் கலைஞரின் சேவையாக இருக்கலாம். வெறும் உடலுழைப்பாகவும் இருக்கலாம். மண்வெட்டி பிடிக்கும் ஒரு மணி நேரத்துக்கு நகராட்சியே ஒரு டாலர் மதிப்பை நிர்ணயித்தது. அந்த மதிப்பு அவ்வப்போது உயர்ந்து வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் எல்லோருக்கும் அதுவே. வங்கி மேலாளர் வந்து குழி தோண்டினாலும் ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர் வந்து தோண்டினாலும் கணக்கில் ஏறுவது ஒரே தொகை. கட்டுமானம் சார்ந்த வேலைகளுக்கு ஒரு டாலருக்கு ஒரு டாலர் பங்கு தேவைப்பட்டது. மக்களை ஒன்றுசேர்ப்பது, திட்டமிடுவது போன்ற வேலைகளுக்கு அரை டாலர் போதுமானதாக இருந்தது.

நகர மானியங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒதுக்கீட்டின் அளவையே பார்க்கிறோம். எத்தனை கோடி, போன ஆண்டைவிடக் கூடுதலா குறைவா என்று. ஆனால் பயனாளி யார் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒதுக்கீடு இல்லை. மக்கள் பங்கை எதில் அளந்து ஏற்றுக்கொள்வது என்ற, யாரும் படிக்காத அந்த விதிதான்.

சியாட்டிலில் இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. திட்டத்தை நடத்திய பேட்டைகள் அலுவலகத்தின் முதல் இயக்குநர் ஜிம் டியர்ஸ் அரசு அதிகாரியாக வளர்ந்தவர் அல்லர். சால் அலின்ஸ்கி வழிவந்த மக்கள் அமைப்பாளர். நகரின் தெற்குப் பகுதியில் குடியிருப்பாளர்களைத் திரட்டி நகராட்சியோடு மல்லுக்கு நின்றவர். 1988இல் மேயர் சார்ல்ஸ் ராயர் அவரையே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். வாசலில் நின்று கோஷம் போட்டவரை உள்ளே அழைத்து வேலை கொடுப்பது நம் ஊர் அரசியலிலும் பழகிய உத்திதான். பெரும்பாலும் அதோடு கோஷம் நின்றுவிடும். இங்கே நடந்தது வேறு. கையில் காசில்லாத மக்களிடம் என்ன இருக்கும் என்று பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால், உழைப்பைப் பணமாக எண்ணும் விதியின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று மேயர்களின் கீழ் 14 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 2002இல் புதிய மேயர் வந்ததும் வெளியேறினார்.

விதி இப்படி அமைந்ததற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு காரணம். அமெரிக்க மத்திய அரசு 1964ஆம் ஆண்டின் வறுமை ஒழிப்புச் சட்டத்திலேயே, ஏழைகள் இயன்றவரை முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த பணம் நகராட்சிகளைத் தாண்டி நேராகப் பேட்டை அமைப்புகளுக்குப் போனதில் மேயர்கள் கொதித்தார்கள். 1974இல் வந்த சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் பணத்தைத் திரும்பவும் நகர மன்றங்களின் கைக்குக் கொண்டுவந்தது; பங்கேற்பு என்பது பொது விசாரணைக் கூட்டமாகச் சுருங்கியது. சியாட்டில் திட்டம் இந்த இழுபறிக்கு வெளியே, நகரத்தின் சொந்தப் பணத்தில் தொடங்கியது. அதனால்தான் விதிகளைத் தன் விருப்பப்படி எழுத அதற்கு முடிந்தது.

திட்டத்தின் பெயரைச் சொன்னாலே சியாட்டில்காரர்கள் காட்டும் உதாரணம் ஃப்ரீமான்ட் பேட்டையின் பூதம். ஆரோரா பாலத்தின் வடக்கு முனைக்கு அடியில் குப்பையும் போதை வியாபாரமும் மண்டிக் கிடந்த ஒரு மூலை. அதை என்ன செய்வது என்று அப்பகுதிக் கலை மன்றம் போட்டி வைத்தது. வந்த மாதிரிகளை மக்கள் முன் வைத்து வாக்கெடுத்ததில், பாலத்தடியில் பதுங்கியிருக்கும் பூதத்தின் சிலை வென்றது. ஸ்டீவ் படானஸ் உள்ளிட்ட நான்கு கலைஞர்கள் அக்கம்பக்கத்தாரின் கைகளோடு 1990இல் அதைக் கட்டி முடித்தார்கள். சுமார் 18 அடி உயரம். ஒரு கையில் நிஜமான ஃபோக்ஸ்வாகன் காரை நசுக்கிப் பிடித்திருக்கும். எந்த நகராட்சிப் பொறியாளரும் மதிப்பீடு தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கக்கூடிய வேலை இல்லை இது. இணைநிதியிலிருந்தும் இதற்குப் பணம் போனது. இன்று அது நகரத்துச் சுற்றுலா வரைபடத்தில் இருக்கிறது.

பூதம் பிரபலமானதே தவிர, திட்டத்தின் நிஜமான உடல் அதன் சின்னச் சின்ன வேலைகளில் இருக்கிறது. நிதியை அளவுவாரியாகப் பிரித்தார்கள். பல மாத வேலைக்கு லட்சம் டாலர் வரை ஒரு பிரிவு. எளிய வேலைகளுக்கு அதற்குக் கீழே ஒன்று. தெருவிழா போன்றவற்றுக்கு ஆயிரம் டாலர் அளவில் இன்னொன்று. சிறு தொகைக்கு விண்ணப்பமும் சிறிது, முடிவும் சீக்கிரம். விண்ணப்பிக்க வருபவர்களுக்கு எழுதும் முறையைச் சொல்லிக் கொடுக்கப் பயிலரங்கு உண்டு, வழிகாட்டத் திட்ட மேலாளர் உண்டு. வேலை நடக்கும் நாளில் வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போல ஒரு தாள். அந்தத் தாள்தான் மக்கள் பங்குக்கு ஆதாரம். 1991இல் ஃபோர்டு அறக்கட்டளையும் ஹார்வர்டின் கென்னடி பள்ளியும் அரசு நிர்வாகப் புதுமைக்கான தேசிய விருதை இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தன. முதல் கால் நூற்றாண்டில் நகராட்சி ஏறத்தாழ 4.9 கோடி டாலர் கொடுத்திருக்க, மக்கள் பங்கின் மதிப்பு ஏறத்தாழ 7.2 கோடி டாலராக இருந்தது. கேட்டதைவிட மக்கள் அதிகமாகவே போட்டிருக்கிறார்கள். இதில் உழைப்பின் பங்கை மணிக் கணக்கிலிருந்து பெருக்கித்தான் எடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மணிக்கு என்ன மதிப்பு வைக்கிறோமோ அதைப் பொறுத்து அந்த எண் ஏறும், இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு இத்திட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உழைப்பைப் பணமாக ஏற்றதால் காசில்லாதவர் உள்ளே வர முடிந்தது. நேரமில்லாதவர்? இரண்டு வேலை பார்ப்பவர், சனிக்கிழமையும் கடை திறப்பவர், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத முடியாத அகதி, ஆறு மாதத்துக்கொரு முறை வாடகை வீடு மாறுபவர் இவர்களிடம் காசும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. இணைநிதியோடு சேர்ந்தே வளர்ந்த 13 வட்டார மன்றங்களின் கதை இதைக் காட்டிக் கொடுத்தது. விண்ணப்பங்களை மதிப்பிடுவதில் இம்மன்றங்களுக்கு இடம் இருந்தது. 2016இல் மேயர் எட் மரே நகராட்சிக்கும் அம்மன்றங்களுக்கும் இருந்த அதிகாரபூர்வ உறவை முறித்தார். அவர் சொன்ன காரணம், நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் வாடகைக்குக் குடியிருக்க, மன்றக் கூட்டங்களுக்கு வருபவர்களோ பெரும்பாலும் வயதில் மூத்த, வெள்ளையரான, சொந்த வீட்டுக்காரர்கள் என்பது. புதிய அடுக்குமாடிகளை எதிர்த்தவர்களின் வாயை அடைக்கவே அவர் அப்படிச் செய்தார் என்று மன்றத்தார் குற்றம்சாட்டினார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியானாலும், கூட்டத்துக்கு வருபவரே மக்கள் என்று கொண்டால் யார் விடுபடுவார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு நேர் இணையான திட்டம் சியாட்டிலுக்குப் பத்தாண்டு பின்னே வந்தது. 1997-98இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டம் அது. ஆட்சி மாறியபோது பெயரும் மாறியது. 2011க்குப் பிறகு ‘தன்னிறைவுத் திட்டம்’, 2021இல் மறுபடி ‘நமக்கு நாமே’, இம்முறை நகர்ப்புறங்களுக்கும் தனியாக. பெயர் எதுவானாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். பள்ளிச் சுற்றுச்சுவர், பூங்கா, குளம் தூர்வாருதல், சமுதாயக்கூடம் போன்ற ஒரு வேலைக்கு மதிப்பீடு போட்டு, அதில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர முன்வந்தால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். நகர்ப்புற நீர்நிலைகளுக்கு மக்கள் பங்கு பாதி. தன்னிறைவுத் திட்டத்தில் இன்னொரு சலுகையும் இருந்தது: பாதியோ அதற்கு மேலோ தருபவர், ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் வேலையைத் தானே எடுத்துச் செய்யலாம், அல்லது தனக்கு விருப்பமானவரிடம் கொடுக்கச் சொல்லலாம்.

விகிதத்தை மட்டும் பார்த்தால் நம் திட்டம் சியாட்டிலைவிடத் தாராளம். அங்கே பாதி கேட்டார்கள், இங்கே மூன்றில் ஒன்று. ஆனால் நடைமுறையில் நம் ஊரில் மக்கள் பங்கு என்றால் வங்கி வரைவோலைதான். முப்பது லட்ச ரூபாய் வேலைக்குப் பத்து லட்சத்தை முதலில் திரட்டிக் கட்ட வேண்டும். யாரால் முடியும்? பக்கத்திலிருக்கும் தொழிற்சாலையால் முடியும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்வதால், அந்தப் பணம் இத்தகைய வேலைகளைத் தேடி வருவது இயல்பு. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்த முன்னாள் மாணவரால் முடியும். குடியிருப்போர் நலச்சங்கம் வலுவாக இருக்கும் நகரால் முடியும். இவர்கள் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும் மனசைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அரசு தரும் மூன்றில் இரண்டு பங்கும் அந்தப் பணத்தின் பின்னாலேயே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கே சுற்றுச்சுவர் எழ வேண்டும் என்பதைக் கொடையாளர் தீர்மானிக்கிறார், பொதுப்பணம் அவருக்கு ஆமாம் போடுகிறது. பாதிக்கு மேல் கொடுத்தால் ஒப்பந்ததாரரையும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது பணத்துக்குக் கொடுத்த கூடுதல் வாக்கு. ஐந்தில் ஒரு பங்கு என்ற சலுகை நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆனாலும் அன்றாடக் கூலியில் வாழும் காலனிக்கு முப்பது லட்சத்தில் ஐந்தில் ஒன்று என்பது ஆறு லட்சம்.

அப்படியானால் நம் மக்கள் பொதுவேலைக்குப் பணம் தரமாட்டார்களா என்றால், தந்திருக்கிறார்கள். சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அதற்குச் சாட்சி. 2001 கணக்கெடுப்பில் சுமார் 1.46 லட்சம் பேர் வாழ்ந்த நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. கழிவுநீர்த் தொட்டியை லாரி வந்து உறிஞ்சிப் போக வேண்டும். 1996இல் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ். பாரதி, சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மக்களிடமே முன்வைப்புத் தொகை கேட்டார். வீட்டுக்கு 5,000, வணிக இடங்களுக்கு 10,000. அதற்கு மேல் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய்க் கட்டணம். ஒரு குழாய்கூடப் புதைக்காத நிலையில் இதைக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். தெருத்தெருவாகக் கூட்டம், நலச்சங்கங்களோடு பேச்சு என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. மக்கள் கட்டினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனியார் முதலீடும் வந்தன. நகராட்சி நிர்வாகம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் ஆலந்தூரைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இதனால்தான்.

ஆனால் ஆலந்தூர்ப் பாடத்தைப் பூங்காவுக்குப் பொருத்த முடியாது. ஐயாயிரம் கட்டியவர் வீட்டுக் கழிவறைக்கு இணைப்பு வந்தது, லாரிச் செலவு நின்றது. பலன் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. பூங்காவும் பள்ளிச் சுவரும் ஏரிக்கரையும் அப்படியல்ல. கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே நிழல். அந்த வகை வேலைக்கு வீடுவீடாகப் பணம் திரட்டுவது கடினம் என்பதால்தான் ஒரே ஒரு பெரிய கொடையாளரைத் தேடிப் போகிறோம். திட்டத்தின் பெயரில் உள்ள ‘நாம்’ அங்கே ஒருமையாகிவிடுகிறது.

உழைப்பைப் பங்காக ஏற்பது நமக்கு அந்நியமான யோசனையா? இல்லை; நம்மிடம் அதற்கு நீண்ட, சற்றுக் கசப்பான வரலாறே உண்டு. குடிமராமத்து என்ற பெயரில் ஏரி, கண்மாய், வாய்க்கால்களை ஊரார் கூடிப் பராமரித்த வழக்கத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அந்த வழக்கத்துக்குத் தண்டனை அதிகாரத்தைச் சேர்த்தது. கரை உடையும்போது வராதவர் அபராதம் கட்ட வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பும், ‘ஊரார்’ என்றால் எல்லோரும் இல்லை. நிலம் ஒருவருடையது, நீர் பாய்வது அவர் வயலுக்கு. மண் சுமந்தவர்களில் பலர் அந்த நீரில் உரிமை இல்லாத சாதியினர். தென்மாவட்டக் கண்மாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வெளியான தன் நூலில், நீர் நிர்வாகத்தைச் சாதியிலிருந்தும் அதிகாரத்திலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். சியாட்டிலில் எல்லார் மணிக்கும் ஒரே மதிப்பு என்று எழுதியது அழகான சமத்துவம். நம் ஊரில் அதே வரியை எழுதினால், யார் பெயரில் மணி பதிவாகிறது, யார் கையில் மண்வெட்டி இருக்கிறது என்ற கேள்வி கூடவே வரும்.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தைப் புது வடிவில் மீட்டது. மணிமங்கலம் ஏரியில் தொடங்கி, முதல் கட்டமாக 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். பாசன விவசாயிகள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றது விதி. ஆக, உழைப்பை நாணயமாக ஏற்கும் வாசகம் நம் அரசாணைகளிலும் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், பல இடங்களில் ஏரியில் இறங்கியது பொக்லைன்தான். விவசாயிகள் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரர்கள் வேலை செய்கிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. இயந்திரம் அள்ளும் மண்ணில் உழைப்பின் பத்து சதவீதத்தை யார், எதை வைத்து அளப்பது? ஏட்டில் மட்டும்தான் அளக்க முடியும்.

மக்களிடம் பங்கே கேட்காத வழியும் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம், சியாட்டில் தன் முதல் நிதியை ஒதுக்கிய அதே 1989இல், மேயர் ஒலிவியோ துத்ராவின் காலத்தில், நகர முதலீட்டுப் பணத்தை எங்கே செலவிடுவது என்று வட்டாரக் கூட்டங்களில் மக்களே முன்னுரிமை சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. பணத்தைப் பிரிக்கும் சூத்திரத்தில் மக்கள்தொகை, அவர்கள் சொன்ன முன்னுரிமை ஆகியவற்றோடு, அந்த வட்டாரத்தில் எந்த வசதி எவ்வளவு குறைவு என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இல்லாமைதான் அங்கே பங்குத்தொகை. குடிநீர், சாக்கடை இணைப்பு பெற்ற வீடுகள் 1988இல் 75 சதவீதமாக இருந்து 1997இல் 98 சதவீதமானது. எல்லாம் அந்தக் கூட்டங்களால் மட்டுமே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் இல்லாதவர் பக்கம் பணம் போனது. ஆட்சியாளர்களின் ஆர்வம் குறையக் குறையக் கூட்டங்களும் மெலிந்து, 2017இல் நகராட்சி அதை நிறுத்தி வைத்தது. மேயரின் விருப்பத்தில் நிற்கும் முறை மேயரோடு போய்விடும். சியாட்டில் திட்டம் அளவில் சிறியது, சாதுவானது. அதனாலேயே பல மேயர்களைத் தாண்டியது.

தமிழக நகரங்களில் இப்போது ஒரு புதிய மேடை இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 1இல் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்று மனுக்கள் வந்தன. சபை மனு வாங்கும் இடமாக நின்றுவிடுவதற்குக் காரணம், அதன் கையில் பிரித்துக் கொடுக்க ஒரு ரூபாய்கூட இல்லாதது. அதே நகராட்சியில் ‘நமக்கு நாமே’ பணம் வேறொரு கோப்பில், கொடையாளர் கொண்டுவரும் வரைவோலையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அந்த நிதியில் ஒரு பகுதியைச் சபைகளுக்கு ஒதுக்கி, குடிசைப்பகுதிகள் உள்ள வார்டுகளில் மக்கள் பங்கை உழைப்பாகவும் ஏற்கலாம் என்று எழுதுவதற்குப் புதுச் சட்டம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. வழிகாட்டு நெறிமுறையில் ஒரு பத்தி போதும்.

உழைப்பை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு அதிகாரிகள் தயங்குவார்கள். ஆனால் 2006இலிருந்து நூறு நாள் வேலையை நடத்திய மாநிலம் இது. வருகைப் பட்டியல், பணித்தளப் பொறுப்பாளர், கன மீட்டரில் மண் அளவு எல்லாம் இங்கே அத்துப்படி. ஊழலும் அத்துப்படி என்பார்கள். சரிதான், அதைப் பிடிக்கும் சமூகத் தணிக்கையும் அத்துப்படி. மணிக்கு என்ன மதிப்பு வைப்பது என்பதுதான் நிஜமாகவே யோசிக்க வேண்டியது. குறைந்தபட்சக் கூலியை வைத்தால், ஆறு லட்சத்தை ஈடுகட்ட ஒரு சிறு காலனி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆள்நாள் உழைக்க வேண்டும். அன்றாடங்காய்ச்சிகளிடம் அதைக் கேட்பது 1858க்குத் திரும்புவதாகிவிடும். ஆகவே விகிதத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், ஐந்தில் ஒன்றுக்கும் கீழே, சில பகுதிகளில் இருபதில் ஒன்று வரை. பாதிக்கு மேல் தருபவர் ஒப்பந்ததாரரைச் சொல்லலாம் என்ற சலுகையையும், எத்தனை வீடுகள் பங்கெடுத்தன என்ற எண்ணிக்கையோடு கட்டிவிடலாம். ஒரே காசோலையில் வந்த ஐம்பது சதவீதமும், முந்நூறு வீடுகளிலிருந்து வந்த ஐந்து சதவீதமும் நகராட்சியின் பேரேட்டில் இப்போது இருக்கும் வரிசையில் இருக்க வேண்டியதில்லை.